தன் மீதே வழக்குப் போட பிள்ளைகளுக்கு வழி செய்தவர்: மருத்துவர் கோர்ச்சாக்கின் வாழ்க்கை

ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சொந்தக் காசில் இல்லம் கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால், இல்லத்தை நடத்தும் தன் மீதே அங்குள்ள பிள்ளைகள் புகார் கொடுக்கலாம், விசாரிக்கலாம், தீர்ப்பும் சொல்லலாம் என்று ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விதி செய்தார். அந்த விதிக்குத் தானும் கட்டுப்பட்டு நடந்தார். அவர்தான் போலந்து நாட்டு மருத்துவர் யானுஸ் கோர்ச்சாக்.

அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அவருடைய கடைசி நாள்தான் தெரியும். 1942ஆம் ஆண்டு, நம் தாத்தா பாட்டிகள் ஜப்பானியர் காலம் என்று சொல்லும் அதே ஆண்டில், நாஜிக்கள் அவருடைய இல்லத்துப் பிள்ளைகளைக் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். தப்பிக்க வழி இருந்தும் அவர் பிள்ளைகளோடு ரயிலேறினார். அந்த முடிவு உலகத்தையே கலங்க வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் அவர் தினந்தோறும் செய்த வேலைதான், இன்று இல்லம் நடத்துகிறவர்களுக்கும் இல்லங்களுக்கு உதவுகிறவர்களுக்கும் அதிகம் சொல்லித் தரக்கூடியது.

வசதியான வீட்டில் தனிமைப் பிள்ளை

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். போலந்தின் வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஜூலை 22ஆம் தேதி பிறந்தார். பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் சொல்வார்கள். அப்பா நேரத்தோடு பிறப்பைப் பதியாமல் விட்டதால் வந்த குழப்பம் அது. அந்தக் காலத்தில் வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

அப்பா பெயர் பெற்ற வழக்கறிஞர். வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள். தெருப் பிள்ளைகளோடு விளையாட மட்டும் அனுமதி இல்லை. ஐந்து வயதில் அவர் வளர்த்த கனேரிக் குருவி இறந்தது. அதைப் புதைத்து மேலே ஒரு சிலுவை வைக்க நினைத்தபோது, வாயிற்காவலரின் மகன் வந்து, குருவி யூதக் குருவி, நீயும் யூதன், சிலுவை வைக்கக் கூடாது என்று தடுத்தான். தான் வேறு சாதி மனிதன் என்பதை அந்தச் சிறுவன் அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டான். பல ஆண்டுகள் கழித்தும் தன் நாட்குறிப்பில் அதை நினைத்து எழுதினார்.

பிறகு அப்பாவுக்கு மனநோய் வந்தது. மருத்துவமனைச் செலவில் குடும்பச் சொத்து கரைந்தது. 1896இல் அப்பா காலமானார். பதின்ம வயதிலேயே மற்றப் பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்து அம்மாவுக்கு உதவ வேண்டிய நிலை வந்தது. அப்பாவுக்கு வந்த நோய் தனக்கும் வருமோ என்ற பயம் அவரை நெடுங்காலம் துரத்தியது. அவர் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1898இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அதே ஆண்டில் ஓர் எழுத்துப் போட்டிக்காக, பழைய போலிஷ் நாவல் ஒன்றிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பெயர்தான் யானுஸ் கோர்ச்சாக். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. படிக்கும்போதே வார்சாவின் ஏழைச் சந்துகளில் சுற்றித் திரிந்தார். தெருவில் வளரும் பிள்ளைகளைப் பற்றி 1901இல் அவருடைய முதல் நாவல் வந்தது.

மருத்துவமனையை விட்டு இல்லத்துக்கு

1905இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உடனே ரஷ்ய-ஜப்பானியப் போருக்கு ராணுவ மருத்துவராக அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, வார்சாவில் யூதச் சமூகம் நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தார். எழுத்தாளராகவும் பெயர் வாங்கியிருந்ததால் பணக்கார வீடுகளிலிருந்து அழைப்பு வரும். அவர்களிடம் நல்ல கட்டணம் வாங்குவார். ஏழை வீடுகளுக்கு ஏறக்குறைய இலவசமாகவே போய் வருவார்.

கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்லும் முகாம்களிலும் பொறுப்பாளராக இருந்தார். முதல் முகாமில் பிள்ளைகளை அடக்கத் தெரியாமல் திணறினார். அதட்டினார், மிரட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளைகளுக்கு உத்தரவு போடுவதைக் குறைத்து, அவர்களோடு கலந்து பேசத் தொடங்கிய பிறகுதான் முகாம் அமைதியாக நடந்தது. அவருக்கு அது பெரிய பாடம்.

மருத்துவமனையில் அவரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ச்சலைக் குணப்படுத்தி அனுப்பிய பிள்ளை, அதே ஈர அறைக்கும் அதே பசிக்கும் திரும்பிப் போகிறது. சில வாரங்களில் மறுபடியும் நோயோடு வருகிறது. மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன் என்று யோசித்தார். 1912இல் மருத்துவமனையை விட்டு விலகி, யூத அநாதைப் பிள்ளைகளுக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நோயுற்ற பிள்ளைகளை விட்டு வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வும் கடைசி வரை அவருக்கு இருந்தது.

க்ரோக்மால்னா தெரு 92ஆம் எண் வீடு

அந்த இல்லம் வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் 92ஆம் எண்ணில் இருந்தது. தொழிலாளர்களும் ஏழைகளும் நிறைந்த பகுதி அது. ஆனால் இல்லம் அந்தக் காலத்து நகரத்திலேயே நவீனமான கட்டடங்களில் ஒன்று. மின்விளக்கு, குளிருக்குச் சூடூட்டும் குழாய்கள், ஓடு பதித்த குளியலறைகள், நடுவில் உயரமான பெரிய கூடம் எல்லாம் இருந்தன. 7 முதல் 14 வயது வரையிலான சுமார் நூறு பிள்ளைகள் அங்கே தங்கினார்கள்.

இல்லத்தின் அன்றாட நிர்வாகத்தைத் தாங்கியவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்ற பெண்மணி. 1886இல் பிறந்தவர். வசதியான குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். சமையல், சலவை, காய்ச்சல், பள்ளிப் பாடம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். கோர்ச்சாக்கின் பெயர் உலகமெங்கும் பரவியது. இவருடைய பெயர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த இல்லம் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது.

முதல் ஆண்டு மிகவும் சிரமமாகப் போனது. அழகான கட்டடத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் நன்றியோடு நடந்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். பிள்ளைகளோ அந்தப் பளபளப்பான வீட்டையும் அதன் விதிகளையும் வெறுத்தார்கள். சாமான்களை உடைத்தார்கள், சேர்ந்துகொண்டு எதிர்த்தார்கள். தன் வாழ்க்கையின் மிகக் கடினமான ஆண்டுகளில் ஒன்றாகவே கோர்ச்சாக் அதைக் கருதினார். நல்ல கட்டடமும் நல்ல சாப்பாடும் மட்டும் ஒரு பிள்ளைக்கு வீடாகிவிடாது என்பதை அந்த ஆண்டு அவருக்குக் கற்றுக் கொடுத்தது. அதன் பிறகுதான் இல்லத்தின் ஆட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

பிள்ளைகளின் நீதிமன்றம்

அந்த இல்லத்தில் வாரந்தோறும் நீதிமன்றம் கூடியது. ஐந்து நீதிபதிகள், எல்லாரும் பிள்ளைகள். அந்த வாரத்தில் தங்கள் மீது எந்த வழக்கும் இல்லாத பிள்ளைகளிலிருந்து குலுக்கல் முறையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பையன் இன்னொருவனை அடித்தாலும், பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தாலும், பென்சிலை எடுத்துக்கொண்டாலும் வழக்குப் போடலாம். ஆசிரியர் மீதும் போடலாம். கோர்ச்சாக் மீதும் போடலாம்.

நீதிமன்றத்துக்கு ஒரு சட்டப் புத்தகமும் இருந்தது. அதை எழுதியவர் கோர்ச்சாக். 1 முதல் 99 வரையிலான விதிகள் எல்லாம் மன்னிப்பு விதிகள். தெரியாமல் செய்தான், கோபத்தில் செய்தான், இனிச் செய்ய மாட்டான், வருத்தப்படுகிறான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. 100ஆம் விதி வந்தால்தான் குற்றம் என்று பொருள். அதற்கு மேல் 200, 300 என்று கடுமை கூடிக்கொண்டே போகும். 900 வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்காக யாராவது ஒருவர் பொறுப்பேற்க முன்வர வேண்டும். 1,000 என்றால் இல்லத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான வழக்குகள் மன்னிப்பு விதிகளிலேயே முடிந்தன.

கோர்ச்சாக் அரை ஆண்டுக்குள் தன் மீது தானே ஐந்து வழக்குகளைப் பதிந்துகொண்டார். ஒரு பையனின் காதில் அடித்தது ஒன்று. ஒருவனைப் படுக்கையறையை விட்டு வெளியே அனுப்பியது இரண்டாவது. ஒருவனை மூலையில் நிறுத்தியது மூன்றாவது. ஒரு நீதிபதியை அவமதித்தது நான்காவது. திருடிவிட்டாள் என்று ஒரு சிறுமி மீது பழி சொன்னது ஐந்தாவது. பிள்ளைகள் விசாரித்து, ஐந்திலும் மன்னிப்பு விதிகளின் கீழ் தீர்ப்பு சொன்னார்கள். தன்னைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஓர் ஆசிரியராக மாற்றியவை அந்த வழக்குகள்தான் என்று பின்னாளில் அவர் எழுதினார்.

சில பெரியவர்கள் இதை விளையாட்டு என்று சிரித்தார்கள். கோர்ச்சாக்குக்கு அது விளையாட்டு அல்ல. பெற்றோர் உள்ள பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் அம்மாவிடம் போய் அழலாம். அம்மா கோபித்துக்கொண்டால் பாட்டியிடம் போகலாம். இல்லத்தில் வளரும் பிள்ளை யாரிடம் போகும்? அடித்தவரிடமேதான் சாப்பாட்டுத் தட்டையும் நீட்ட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை சொல்வதைக் கேட்கவும், கேட்டதை எழுதி வைக்கவும், தீர்ப்புச் சொல்லவும் ஒரு முறை வேண்டும் என்றுதான் அவர் அந்த நீதிமன்றத்தை உண்டாக்கினார்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்

நீதிமன்றம் தவிர இன்னும் பல ஏற்பாடுகள் இருந்தன. சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. யாரும் எதை வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம். பக்கத்தில் ஒரு கடிதப் பெட்டி. பெரியவர்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை எழுதிப் போடலாம். எழுதும்போதே கோபம் தணியும், எது முக்கியம் எது முக்கியமில்லை என்று யோசிக்கவும் பழகும் என்பது அவர் கணக்கு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஓர் இழுப்பறை இருந்தது. ஒரு கூழாங்கல், பழைய பொத்தான், நூல் துண்டு, அறுந்த மணி எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். பெரியவர்கள் குப்பை என்று தூக்கி எறிகிற அந்தப் பொருள்கள்தான் பிள்ளையின் சொத்து என்பார் அவர். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி தட்டு, ஒரே மாதிரி கட்டில் கொடுக்கிற இடத்தில், தனக்கு மட்டும் சொந்தமான ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே கிடக்கும் பொருள்களை எடுத்து வைக்கவும் ஒரு பெட்டி இருந்தது. அது எவ்வளவு அற்பமானதானாலும் உரியவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

இல்லத்தின் வேலைகளைப் பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். கூட்டுவதும் துடைப்பதும் கேவலமான வேலை என்ற எண்ணம் வரக் கூடாது என்பதற்காக, படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் துடைப்பங்களை எடுத்துப் படுக்கையறை வாசலில் மதிப்பான இடத்தில் வைத்தார். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதங்கள் ஒரு மூத்த பிள்ளை துணையாக இருப்பான். எங்கே என்ன இருக்கிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும், இரவில் பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பது அவன் பொறுப்பு.

விழுந்த பால் பற்களைக் கோர்ச்சாக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். கெட்ட வார்த்தையைக் குறைப்பேன், சண்டையைக் குறைப்பேன் என்று பிள்ளைகள் அவரிடம் பந்தயம் கட்டுவார்கள். வாரந்தோறும் ஒவ்வொருவரையும் எடை பார்ப்பார். எடை குறைந்தால் ஏன் என்று விசாரிப்பார். எடை பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச முடிந்தது.

இல்லத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாயோ உறவினரோ வெளியில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்வர வழி இருந்தது. வறுமையால் வளர்க்க முடியாத தாயும் தாய்தான், அந்த உறவை அறுக்கக் கூடாது என்று இல்லம் நினைத்தது.

இந்த முறையில் குறைகளும் இருந்தன. 14 வயது முடிந்ததும் பிள்ளை வெளியே போக வேண்டும். வெளியே வேலை கிடைப்பது கடினம். யூதப் பிள்ளை என்றால் இன்னும் கடினம். இல்லத்தில் நீதிமன்றம் வைத்து நியாயம் கேட்ட பிள்ளைக்கு, வெளியே முதலாளி அடித்தால் புகார் கொடுக்க இடமில்லை. அந்தக் கவலைக்குக் கோர்ச்சாக்கிடம் முழுமையான பதில் இருக்கவில்லை.

எழுத்தும் வானொலியும்

முதல் உலகப் போர் வந்ததும் மறுபடியும் ராணுவ மருத்துவராகப் போக வேண்டியதாயிற்று. ஸ்டெஃபானியா இல்லத்தைக் காப்பாற்றினார். போர்க்களத்துக் கூடாரங்களில் உட்கார்ந்து, பிள்ளையை எப்படி நேசிப்பது என்ற நூலை அவர் எழுதினார். போர் முடிந்து போலந்து விடுதலை பெற்றது. அதன் பிறகு நடந்த சோவியத் போரின்போது அவருக்கு டைஃபஸ் காய்ச்சல் கண்டது. அவரைக் கவனித்த அம்மாவுக்கும் அது தொற்றியது. அவர் பிழைத்தார். 1920இல் அம்மா போய்விட்டார். தன்னால்தான் அம்மா இறந்தார் என்ற துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1919இல் மரியா ஃபால்ஸ்கா என்ற பெண்மணியோடு சேர்ந்து, போலந்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக இன்னோர் இல்லம் தொடங்க உதவினார். 1923இல் அவர் எழுதிய சிறுவர் நாவல், அரசனாகிவிட்ட ஒரு சிறுவனின் கதை. அந்தச் சிறுவன் பிள்ளைகளுக்கு ஒரு நாடாளுமன்றம் அமைக்கிறான். போலந்தில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் புத்தகம் அது. 1929இல், பிள்ளைக்கு மரியாதை பெறும் உரிமை உண்டு என்பதை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார்.

1926இல் பிள்ளைகளுக்காகப் பிள்ளைகளே எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். வார்சாவின் யூத நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாக அது வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் எழுதினார்கள். போர் மூண்ட 1939 செப்டம்பர் வரை அது தொடர்ந்தது.

1930களின் நடுவில் வானொலியில் பேச அழைத்தார்கள். யூதப் பெயர் காற்றில் ஒலிக்கக் கூடாது என்று சிலர் முணுமுணுத்த காலம். அதனால் பெயர் சொல்லாமல் வயதான டாக்டர் என்ற அடைமொழியில் பேசினார். நாடே விரும்பிக் கேட்டது. ஆனாலும் யூத எதிர்ப்பு முற்றியபோது 1936இல் அந்த நிகழ்ச்சி நின்றது. பிறகு ஒரு முறை திரும்ப வந்தது.

மதிலுக்குள் அடைக்கப்பட்ட இல்லம்

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. ஸ்டெஃபானியா அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பாலஸ்தீனத்திலிருந்து வார்சாவுக்குத் திரும்பியிருந்தார். அங்கேயே இருந்திருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார்.

1940 இறுதியில் வார்சாவின் யூதர்கள் அனைவரையும் மதில் எழுப்பிய ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். கெட்டோ என்று அதற்குப் பெயர். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சிறு பகுதிக்குள் நெருக்கப்பட்டார்கள். இல்லமும் க்ரோக்மால்னா தெருவை விட்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. இடம் மாறும்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டார்கள். கோர்ச்சாக் நேராக ஜெர்மன் அதிகாரிகளிடம் போய் அதைத் திருப்பிக் கேட்டார். யூதர்கள் கட்டாயம் அணிய வேண்டிய கைப்பட்டையையும் அவர் அணிந்திருக்கவில்லை. அடித்துச் சிறையில் போட்டார்கள். சுமார் ஒரு மாதம் கழித்து, அவரிடம் வளர்ந்த பழைய பிள்ளைகளின் முயற்சியால் வெளியே வந்தார்.

அதன் பிறகு அவருடைய நாள்கள் பிச்சையெடுப்பதிலேயே கழிந்தன. அறுபது வயதைக் கடந்த மனிதர், இதயமும் கால்களும் ஒத்துழைக்காத நிலையில், ஒரு மூட்டை மாவுக்காகவும் கொஞ்சம் எண்ணெய்க்காகவும் வீடு வீடாக ஏறி இறங்கினார். இல்லத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் 200 ஆகியிருந்தது. அந்த நிலையிலும் பாடங்களும் வேலை முறைகளும் எடை பார்ப்பதும் நிற்கவில்லை.

அதே கெட்டோவில் இன்னோர் இல்லமும் இருந்தது. சுமார் 1,000 பிள்ளைகள் அதில் கிடந்தார்கள். பசியாலும் அழுக்காலும் தினமும் பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு வந்த உணவை ஊழியர்கள் சிலரே திருடினார்கள். 1942 தொடக்கத்தில் கோர்ச்சாக் அங்கே வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். சொந்த இல்லத்தைக் காப்பாற்றவே வழியில்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகளின் துயரத்தையும் தன் தலையில் எடுத்துக்கொண்டார். இல்லம் என்ற ஒரே பெயரில் எப்படிப்பட்ட இடங்களெல்லாம் இருக்க முடியும் என்பதை அந்தக் கெட்டோ ஒரே நேரத்தில் காட்டியது.

தாகூரின் நாடகம்

1942 ஜூலை 18ஆம் தேதி இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம்மில் பலருக்குத் தெரிந்த ரவீந்திரநாத் தாகூரின் தபால் நிலையம் அது. நோயுற்று அறையை விட்டு வெளியே போக முடியாத அமல் என்ற சிறுவன், சன்னல் வழியே தெருவில் போகிறவர்களோடு பேசுகிறான். எதிரே திறக்கப்பட்ட தபால் நிலையத்திலிருந்து தனக்கு அரசரின் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். காத்திருந்தபடியே அமைதியாக உறங்கிப் போகிறான்.

மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகள் ஏன் அந்த நாடகத்தை நடித்தார்கள்? வரப்போவது கோர்ச்சாக்குக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைகள் பயமில்லாமல் அதைச் சந்திக்கவே அவர் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பலரும் நம்புகிறார்கள். வங்காளத்தில் எழுதப்பட்ட ஒரு நாடகம், உலகின் இன்னொரு மூலையில், சாவின் வாசலில் நின்ற பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, கெட்டோவிலிருந்து மக்களை ரயிலில் ஏற்றி அனுப்பும் வேலை தொடங்கியது. அன்று கோர்ச்சாக்கின் பிறந்தநாள். யூத நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த ஆடம் செர்னியாகூவ், அநாதைப் பிள்ளைகளையாவது விட்டுவிடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தார். முடியாது என்று தெரிந்ததும் ஜூலை 23ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார்.

கடைசி ஊர்வலம்

மதிலுக்கு வெளியே இருந்த போலந்து நண்பர்கள் கோர்ச்சாக்கைக் காப்பாற்ற முயன்றார்கள். போலி அடையாளப் பத்திரமும் ஒளிந்திருக்க இடமும் தயாராக இருந்தன. அவர் மறுத்துவிட்டார். இரவில் ஒரு பிள்ளை விழித்து அழுதால் தனியே விட்டுப் போவோமா, இந்த நேரத்தில் எப்படி விட்டுப் போவது என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஆகஸ்ட் 4ஆம் தேதியோடு அவருடைய நாட்குறிப்பு நிற்கிறது. காலையில் சன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கீழே ஒரு ஜெர்மன் சிப்பாய் துப்பாக்கியோடு நின்று பார்க்கிறான். இவன் ஊரில் ஆசிரியராக இருந்திருப்பானோ, எழுத்தராக இருந்திருப்பானோ என்று யோசிக்கிறார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, ஆகஸ்ட் 5ஆம் தேதி, சிப்பாய்கள் இல்லத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். சுமார் 190 பிள்ளைகள், பத்துப் பெரியவர்கள். ஸ்டெஃபானியாவும் அவர்களில் ஒருவர். தலைக்கு மேல் வெயில் காய, கெட்டோவின் தெருக்கள் வழியாக ரயிலடி வரை நடந்தார்கள். பார்த்தவர்கள் பலர் பின்னாளில் அந்தக் காட்சியை எழுதி வைத்தார்கள். ரயில் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குப் போனது. அதில் போன இல்லத்தார் யாரும் திரும்பி வரவில்லை.

விட்டுச் சென்றது

1978இல் போலந்து அரசு, உலகப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு சட்டப்பூர்வமான உரிமை ஒப்பந்தம் வேண்டும் என்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் முன்மொழிந்தது. கோர்ச்சாக் பிறந்த மண்ணிலிருந்து அந்தக் கோரிக்கை எழுந்ததில் வியப்பில்லை. 1989 நவம்பர் 20ஆம் தேதி குழந்தை உரிமை ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அந்த ஒப்பந்தத்தில் இணைந்தன.

நம் நாட்டில் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். கட்டடம், தீயணைப்பு வசதி, சுகாதாரம் எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்க்க முடியும். ஆனால் அந்த இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு மனக்குறை இருந்தால் அது யாரிடம் சொல்லும் என்பதை வெளியிலிருந்து வருகிறவர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட முடியாது.

நம் மக்கள் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. தீபாவளிக்கு அரிசி மூட்டை, புத்தாடை, முறுக்கு என்று எடுத்துக்கொண்டு இல்லங்களுக்குப் போகிறோம். பிறந்தநாளைக்கும் திதிக்கும் சாப்பாடு போடுகிறோம். அவையெல்லாம் தேவைதான். கோர்ச்சாக்கும் உருளைக்கிழங்குக்காகச் சிறைக்குப் போனவர்தான். அதோடு இன்னும் சிலவற்றையும் நாம் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகப் பூட்டி வைக்க ஓர் அலமாரித் தட்டு இருக்கிறதா? அம்மா உயிரோடு இருந்தால் மாதம் ஒரு முறையாவது பார்க்க முடிகிறதா? அடித்தால் சொல்ல ஆள் இருக்கிறதா? சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும்போது, படம் எடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா? 18 வயதில் வெளியே போகும்போது போக ஓரிடம் இருக்கிறதா?

வந்த துணியைவிட, தன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த மாதமும் வந்தவரைத்தான் பிள்ளை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். வாரந்தோறும் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பரீட்சைக் காலத்தில் உடன் உட்காரும் பல்கலைக்கழக மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் பலர் வேண்டும்.

ட்ரெப்லிங்காவில் இப்போது ஆயிரக்கணக்கான கற்கள் நடப்பட்டிருக்கின்றன. அங்கே அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் அவற்றில் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தனி ஒருவரின் பெயர் இருப்பது ஒரே ஒரு கல்லில்தான். அதில் யானுஸ் கோர்ச்சாக் என்ற பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடவில்லை. பக்கத்திலேயே, பிள்ளைகளும் என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.